குடாவுல எதுக்குய்யா அக்கா?

உலகத்தில் விரிகுடாக்கள் ஆயிரம் இருக்கின்றன. அவற்றையெல்லாம் கடல் தன் இஷ்டத்துக்குக் குடைந்து வைத்திருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்டதில்லை, எந்தப் படிவத்தையும் நிரப்பியதில்லை. முறைப்படி விண்ணப்பித்து, மூன்று பிரதிகளில் ஒப்புதல் பெற்று, ஒரு விரிகுடா எப்படி இருக்க வேண்டும் என்று மேலிடம் நினைக்கிறதோ அப்படியே தன்னைத் திருத்திக்கொண்ட ஒரே விரிகுடா, பிலிப்பைன்ஸ் நாட்டு விசாயத் தீவுகளில் இருக்கும் எங்கள் சலிங்காய் விரிகுடாதான். அந்தப் பெருமை சலிங்காய் நகராட்சியைச் சேரும். நகராட்சிக்குள்ளே யாரைச் சேரும் என்று கேட்டால், சந்தேகமே வேண்டாம், எலியோதோரோ பந்துகான் அவர்களைச் சேரும்.

ஊரில் அவரைத் தோரிங் என்பார்கள். சலிங்காயில் புவியியல் படித்துப் பட்டம் வாங்கிய ஒரே ஆள். நகராட்சியின் உல்லாசத் துறையில் பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நகராட்சி அவரை அடியோடு மறந்துபோகும். மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடியும் ஞாபகம் வந்து, புதிதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும். மேசை தற்காலிகம், நாற்காலி தற்காலிகம், மின்விசிறிகூட பக்கத்துப் பிரிவிலிருந்து இரவல். அவரிடம் நிரந்தரமாக இருந்தவை இரண்டு: ஒன்று மூன்று பிள்ளைகள், இன்னொன்று பணி நிரந்தரம் ஆகும் என்ற நம்பிக்கை.

அந்தப் புவியியல் பட்டம் கருவாட்டில் விளைந்தது. தோரிங்கைவிடப் பதினான்கு வயது மூத்த அக்கா இலுமினாதா கடற்கரையில் மூங்கில் பந்தல் கட்டி மீன் காயப்போடுபவள். ஊர் முழுவதும் அவளை 'மனாங் லூமிங்' என்றே கூப்பிடும். மனாங் என்றால் அக்கா, தோரிங்குக்கும் அவள் மனாங்தான். நான்கு வருடம் அவள் வெயிலில் நின்றாள், தம்பி வகுப்பறை நிழலில் உட்கார்ந்தார். பட்டமளிப்பு விழாவுக்கு அக்கா குளித்து, பவுடர் போட்டு, ரோஜா சென்ட் அடித்துக்கொண்டு போனாள். அப்படியும் முன்வரிசைக்காரர்கள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்கள்.

தோரிங் எழுதிய 'சலிங்காய் விரிகுடா: புவியியலும் பொழுதுபோக்கும்' என்ற பதினாறு பக்க அறிக்கையை நகராட்சி அலமாரியில் இன்றும் பார்க்கலாம். குடாவின் வாய் பதினெட்டு கிலோமீட்டர் அகலம். உள்ளே இருபத்தாறு கிலோமீட்டர் வாங்கியிருக்கிறது. வடக்கே இரண்டு ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து கொட்டுவதால் அங்கே அலையாத்திக் காடு. தெற்கே பவளப்பாறை. நடுவில் மூன்று கிலோமீட்டருக்கு வெள்ளை மணல். தீவுகள் இரண்டு. ஒன்று எப்போதும் தீவு. மற்றது கடல் ஏறும்போது மட்டும் தீவு. இறங்கியதும் ஊரோடு ராசியாகிவிடும்.

பொழுதுபோக்கு அத்தியாயத்தையும் அவர் நேர்மையாகத்தான் எழுதினார். ஞாயிறு பூசை முடிந்ததும் சோற்றுப் பானையும் பாட்டுப் பெட்டியுமாகக் குடும்பம் குடும்பமாக மணலுக்கு வருவது. பிள்ளைகள் படகுத்துறைப் பாலத்திலிருந்து தலைகீழாகக் குதிப்பது. பெரியவர்கள் கழுத்தளவு தண்ணீரில் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் ஒரு பாட்டிலை மிதக்கவிட்டு அரசியல் பேசுவது. இதைப் படித்த மேயர் ரொசெந்தோ லசெர்னா சிவப்பு மையை எடுத்தார்.

"இதெல்லாம் பொழுதுபோக்கு இல்லய்யா. ஜனங்க சும்மா இருக்கறது."

"சந்தோஷமா இருக்காங்க, சார்."

"சந்தோஷம் வேற, உல்லாசம் வேற. உல்லாசம்னா டிக்கெட் இருக்கணும்."

மேயர் லசெர்னா பரம்பரை ஜனநாயகவாதி. அவருக்கு முன்னால் அவருடைய தாயார் மேயர், அவருக்கு முன்னால் தகப்பனார். மகனுக்கு இருபத்திரண்டு வயது. கவுன்சிலராக இருந்து தொழில் பழகிக்கொண்டிருந்தார். சலிங்காயில் சாக்கடைக்கு மூடி போட்டாலும் சரி, நாய்க்கு ஊசி போட்டாலும் சரி, மேயரின் சிரித்த முகத்தோடு ஒரு பதாகை எழும். காரியம் முடிந்ததும் ஜனங்கள் அதை அவிழ்த்துக்கொண்டு போவார்கள். அது எங்கள் ஊர் வழக்கம், யாரும் குற்றம் சொல்வதில்லை. கூரைக்குப் போகும், பன்றித் தொழுவத்துக்குப் போகும், படகுக்குப் பாயாகப் போகும். இப்படியாக, தேர்தல் சமயத்தில்கூட எட்டிப் பார்க்காத வீடுகளுக்குள்ளும் மேயர் நிரந்தரமாகக் குடியிருந்தார். லூமிங்கின் பந்தலில் மேயரின் நெற்றியில் நெத்திலி காய்ந்தது, அவருடைய தாயாரின் கன்னத்தில் சூடை காய்ந்தது.

தலைநகரிலிருந்து ஏழாம் எண் படிவம் வந்தபோதுதான் வரலாறு திரும்பியது. 'முதல்தர உல்லாச விரிகுடா' என்ற பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம், விரிகுடாவின் புகைப்படம் ஒன்று இணைக்கவும் என்று அதில் இருந்தது. தோரிங் ஒரு நாள் முழுக்க அலைந்து பதினேழு படம் எடுத்து வந்து மேயரின் மேசையில் பரப்பினார்.

"இது என்ன?"

"குடா, சார்."

"முன்னால நிக்கறது?"

"பன்னி, சார்."

"அடுத்ததுல?"

"அதுவும் அதே பன்னிதான், சார். நான் நகர நகர அதுவும் நகந்துச்சு."

"இதுல யாரு இது, குறுக்கால?"

"எங்க அக்கா, சார். மீன் காயப்போடறாங்க."

"இதுலயும் நிக்கறா?"

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அங்கதான் சார் நிப்பாங்க."

மேயர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். "குடாவுல எதுக்குய்யா அக்கா?"

புவியியல் பாடத்தில் இந்தக் கேள்வி வந்ததில்லை. தோரிங் மேசைக்குத் திரும்பி, கணினியில் உலகத்தின் விரிகுடாக்களை வரிசையாகப் பார்த்தார். ஏதோ ஒரு தேசத்து விரிகுடா கண்ணில் பட்டது. கண் கூசும் நீலம், பச்சைப் பாறைகள், மாவு போன்ற மணல். இடது ஓரத்தில் மட்டும் ஏதோ கசகசவென்று இருந்தது. மேயரின் முகத்துக்கும் இடம் வேண்டியிருந்ததால் அந்த ஓரத்தை நறுக்கிவிட்டு அங்கே முகத்தை ஒட்டினார். வேலை சுத்தமாக அமைந்தது.

"இது நம்ம குடாவா?" என்றார் மேயர்.

"குடா மாதிரியான குடா, சார்."

மேயர் தன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "பாறை நல்லா வந்திருக்கு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

எழுத்து மூலம் விண்ணப்பித்து, எழுத்து மூலம் பட்டம் வாங்கி, எழுத்து மூலம் மகிழ்ச்சி தெரிவித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் தலைநகரத்து மதிப்பீட்டுக் குழு விபரீதமாக ஒரு முடிவெடுத்தது. ஒன்பது நாளில் நேரில் வந்து பார்க்கிறோம் என்று கடிதம் போட்டது.

அவசரக் கூட்டம் கூடியது. கடற்கரையில் நாற்பது பந்தல், அறுபது படகு, கணக்கில்லாத துணிக்கொடி, அந்தப் பன்றி. இவை அனைத்தும் 'காட்சி இடையூறுகள்' என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டன. சென்ட் தெளிக்கலாம் என்றார் சுகாதாரப் பிரிவுக்காரர். குழுவைக் கண்ணைக் கட்டிப் படகில் ஏற்றிவிட்டு நடுக்கடலில் அவிழ்த்துவிடலாம் என்றார் கவுன்சிலர் மகன்; அது சாகச உல்லாசத்தில் சேருமாம்.

"பிரிச்சு எறிஞ்சிடுங்க," என்றார் மேயர். "பந்தல் பூரா. நாளைக்கே."

தோரிங் எழுந்து நின்றார். பதினோரு வருடத்தில் அவர் கூட்டத்தில் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. அக்காவின் பந்தலைக் காப்பாற்ற வேண்டும் என்று தவித்த அவருடைய நல்ல மனதுக்கு, மேயரை எதிர்த்துப் பேசாமலே காப்பாற்ற ஒரு வழியும் தோன்றிவிட்டது.

"சார், பிரிக்க வேணாம். மறைச்சிடலாம். ரோட்டோரமா நூத்தி இருபது மீட்டருக்கு ஒரு பேனர். அதுல நாம அனுப்பின படம்."

"குடாவ மறைச்சு குடா படமா?"

"குழு பாக்க வர்றதும் குடாதானே, சார்."

மேயர் மேசையைத் தட்டினார். "இந்த ஆளை நிரந்தரமாக்கணும்யா! எழுதிக்கோங்க!" எழுத்தர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலையில் தோரிங் கடற்கரைக்குப் போனபோது லூமிங் நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டும் கை நிற்கவில்லை.

"பேனர கட்டினா காத்து எங்கேருந்துடா வரும்? காலையில மலைக்காத்து ரோட்டுப் பக்கமிருந்துதான வருது?"

"ரெண்டு நாள்தான், மனாங்."

"உனக்கு ரெண்டு நாளு. செத்த மீனுக்கு அது ரெண்டு வருஷம்டா."

"கட்டலன்னா பந்தலையே பிரிச்சிடுவாங்க. அதுக்குத்தான் நானே இதச் சொன்னேன்."

லூமிங் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "இதக் கட்டினா உன் வேல நிரந்தரமாயிடுமா?"

"ஆயிடும்னு மேயர் சொன்னார்."

"இது எத்தனாவது தடவ?"

"இந்தத் தடவ கூட்டத்துல சொன்னார், மனாங். மினிட்ஸ்ல ஏறியிருக்கு."

அவள் கையில் ஒட்டியிருந்த செதிலை மேயரின் காதில் துடைத்தாள். "சரி, கட்டு. ரெண்டு நாளைக்கு நாங்கல்லாம் இல்லன்னு வச்சிக்கோ." அவ்வளவுதான் சொன்னாள். தம்பிக்காக அதற்குமேலும் செய்திருப்பாள். தோரிங்குக்கு அது தெரியும், தெரிந்துதான் போனார்.

பதாகை எழுந்தது. ஒன்றரை ஆள் உயரம், நூற்று இருபது மீட்டர் நீளம். இடது முனையில் மேயரின் முகம், அங்கிருந்து வலப்பக்கம் எல்லையற்ற நீலம். சாலையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது விரிகுடா. பின்பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது கூரை. கட்டிய அன்று மாலையே ஜனங்கள் பின்பக்கத்தில் சாக்கட்டியால் கோடு கிழித்துப் பெயர் எழுதி இடம் பிடித்துவிட்டார்கள். பாறை இருக்கும் பகுதி சர்ச்சுக்கு எதிர்வீட்டுக்காரருக்கு. ஆழ்கடல் முழுக்கப் படகுக்காரர்களுக்கு. மணல் பகுதிக்கு இரண்டு குடும்பங்கள் சண்டை போட்டுப் பாதிரியார்வரை போயின. மேயரின் முகத்துக்கு மட்டும் யாரும் பெயர் எழுதவில்லை.

"எங்க வீட்ல ஏற்கெனவே நாலு மேயர் இருக்காரு," என்றாள் பக்கத்துப் பந்தல்காரி. "அஞ்சாவது எதுக்கு?"

இதில் ஒரு நிர்வாகச் சிக்கல் முளைத்தது. பதாகையின் இரு முனைகளையும் நகராட்சி வேலி வைத்து அடைத்துவிட்டதால், உள்ளே இருப்பவர்கள் வெளியே போக ஒரு வழி வேண்டும். எங்கே கிழித்தாலும் யாரோ ஒருவருடைய கூரையில் ஓட்டை விழும். யாருக்கும் சொந்தமில்லாத இடம் முகம் ஒன்றுதான். முகத்திலும் தலைவாசல் அளவுக்கு அகலமான இடம் அந்தச் சிரிப்பு ஒன்றுதான். ஆகவே, யாருக்கும் மனத்தாங்கல் வராதபடி, பொதுமக்கள் நலன் கருதி, மேயரின் வாயைக் கிழித்தார்கள். உதட்டோரமாக நறுவிசாகக் கிழித்ததால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. தோரிங்குக்கே தெரியவில்லை.

குழு வந்தது. தலைவி மேடம் வில்ஹெல்மினா ஒர்தேகா, அறுபது வயதை நெருங்குபவர், பெரிய தொப்பி, நடந்து நடந்து தேய்ந்த செருப்பு. கூடவே அட்டையில் தாள் செருகிய இரண்டு உதவியாளர்கள். மேயர் பூமாலை போட்டார், பள்ளிப் பிள்ளைகள் நடனம் ஆடினார்கள், மேயரின் மகன் இரண்டு முறை வரவேற்றார். பிறகு குழு பதாகைக்கு எதிரே வரிசையாக நின்று மார்க் போட ஆரம்பித்தது.

"நீரின் நீலம்?" என்று படித்தார் முதல் உதவியாளர்.

"பத்துக்குப் பத்து," என்றார் இரண்டாமவர்.

"பாறை?"

"ஒம்போது. கொஞ்சம் சுருங்கியிருக்கு."

"கயிறு தளர்ந்திருக்கு, சரி பண்ணிடறோம்," என்றார் மேயர்.

"அலையே இல்லயே, சார்?"

"எங்க குடாவுல அலைக்கும் ஒழுங்கு உண்டு. தேவைப்பட்டாத்தான் வரும்."

சொல்லி வைத்ததுபோல மலைக்காற்று வீசியது. நூற்று இருபது மீட்டர் கடலும் படபடவென்று அடித்துக்கொண்டது. உதவியாளர் அலைக்கு எட்டு மார்க் போட்டார். தோரிங் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் முடியப்போகிற அந்த நேரம் பார்த்து வானம் தூறியது.

மீன் காயப்போடுகிறவர்களுக்கு மழை ஒரு கட்டளை. அதற்குமேல் மேயர் இல்லை, குழு இல்லை, தம்பியின் வேலையும் இல்லை. மேயரின் சிரிப்பு மெல்லத் திறந்தது. அதிலிருந்து ஒரு மீன் கூடை வந்தது. கூடைக்குக் கீழே லூமிங் வந்தாள்.

"மன்னிக்கணும் மேடம், தூறுது," என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து கொட்டகைக்கு ஓடினாள். அவளுக்குப் பின்னால் பதினான்கு பெண்கள், தலைக்கு ஒரு கூடையாக, மேயரின் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். பிறகு படகு மோட்டாரைத் தோளில் சுமந்து ஒருவர். பிறகு ஒரு நாய். கடைசியில், அவசரமே இல்லாமல், அந்தப் பன்றி.

"ஏசு மரி சூசையே!" என்றார் முதல் உதவியாளர்.

மேயருக்கு வாய் அடைத்துப்போயிற்று. துணியில் இருந்த வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. மேடம் ஒர்தேகா தொப்பியைப் பிடித்துக்கொண்டு கிட்டே போனார். கீழுதட்டை விலக்கி உள்ளே பார்த்தார். திரும்பி வரவில்லை. குனிந்து உள்ளேயே போய்விட்டார்.

அன்று அங்கே நடந்தவற்றை எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். தூறல் நின்றதும் மேடம் பந்தலடியில் உட்கார்ந்து, சுடுசோற்றுக்குப் பொரித்த கருவாட்டைக் காடியில் தோய்த்து மூன்று தட்டு சாப்பிட்டார். பிள்ளைகள் பாலத்திலிருந்து குதிப்பதற்கு எண்ணிக்கை சொன்னார். லூமிங் கொடுத்த கைலியைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கழுத்தளவுக்குப் போய், பெரியவர்களின் வட்டத்தில் உட்கார்ந்து, மிதந்து வந்த பாட்டிலை இரண்டு முறை நிறுத்தினார். பாட்டுப் பெட்டியின் மைக்கைப் பிடித்துக் காதல் பாட்டு ஒன்றும் பாடினார்.

"இருபது வருஷமா குடா குடாவா போய் மார்க் போடறேன்டி," என்றார் லூமிங்கிடம், தலை ஈரத்தைப் பிழிந்தபடி. "ஒண்ணுலயும் கால நனைச்சதில்ல."

"ஏன் மேடம், சளி புடிக்குமா?"

"நேரம் ஒதுக்கலடி. அட்டவணையில பார்வையிடறதுன்னுதான் இருக்கு."

"அப்ப எங்க குடாவுக்கு எவ்வளவு போடுவீங்க?"

"போடி, இதுக்கெல்லாம் மார்க் போட முடியுமா!" என்று மேடம் அவளைக் கட்டிக்கொண்டார். இருவரும் சிரித்தார்கள். சற்றுத் தள்ளி நின்ற தோரிங்குக்குக் கண் கலங்கியது. பொய்ப் படம் தோற்றுவிட்டது, உண்மைக் குடா ஜெயித்துவிட்டது, அதுவும் தன் கையால் அல்ல, அக்கா கையால் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். சூரியன் விழும்வரை அங்கேயே நின்றார். மேடம் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. நகராட்சி மண்டபத்தில் மேயர் உரக்கப் படித்தார்.

"'சமர்ப்பிக்கப்பட்ட விரிகுடா', அதாவது நம்ம பேனரு, நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு. தேசத்துலயே ரெண்டாவது!" கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று. "'அதன் பின்னால் காணப்பட்ட விரிகுடா', நூத்துக்கு முப்பத்தேழு. 'அங்கீகரிக்கப்பட்ட படத்திலிருந்து பின்னது பல இடங்களில் விலகுகிறது. படத்தில் இல்லாத நபர்கள், பந்தல்கள், படகுகள், வாசனை, பன்றி ஒன்று ஆகியவை கண்டறியப்பட்டன. பின்னதை முன்னதோடு ஒத்துப்போகச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையின்பேரில் முதல்தர உல்லாச விரிகுடா என்ற பட்டம் வழங்கப்படுகிறது.'"

தாளோடு ஒரு சின்னக் கடிதமும் குத்தப்பட்டிருந்தது. அது தோரிங்குக்கு. மேடம் கையாலேயே எழுதியது. 'அன்றைய நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உங்கள் அக்காவுக்கு என் அன்பு. அதையெல்லாம் எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.'

அதே மேடையில் மேயர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பட்டம் கிடைத்ததற்கு அடுத்தபடியாக, சலிங்காயின் வரலாற்றில் இது இரண்டாவது அதிசயம். எலியோதோரோ பந்துகான் அவர்கள் 'விரிகுடா ஒப்புமை அலுவலர்' ஆக, நிரந்தரமாக, ஓய்வூதிய உரிமையோடு நியமிக்கப்பட்டார். சொந்த மேசை, சொந்த மின்விசிறி, கழுத்தில் தொங்கும் அட்டை. பாறைகளை உண்டாக்குவதும் நீலத்தைக் கூட்டுவதும் சற்றுச் சிரமமான பணிகள் என்பதால், படத்தில் இல்லாதவற்றை அகற்றும் எளிய பணியிலிருந்து தொடங்கலாம் என்று முடிவாயிற்று. அவருடைய முதல் கோப்பு நாற்பது பந்தல்களைப் பற்றியது.

"சார், அவங்களுக்கு வேற எடம்?"

"வடக்கால சேறு இருக்கே. அதுவும் நம்ம குடாதான?"

"சேத்துல மீன் காயாது, சார்."

"மெதுவா காயட்டும்யா. என்ன அவசரம்?"

தோரிங் அன்று முழுக்கப் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பதினோரு வருடம், மூன்று பிள்ளைகள். மாலையில் கையெழுத்துப் போட்டார். நாற்பது ஆணைகள். அக்காவுடையதை நாற்பதாவதாக வைத்தார். அவரால் முடிந்த சலுகை அதுதான்.

மறுநாள் காலையில் முப்பத்தொன்பது பந்தல்களைக் கடந்து அவர் வந்து நின்றபோது லூமிங் புதுத் துணியில் மீனைப் பரப்பிக்கொண்டிருந்தாள். பங்கு பிரித்ததில் யாருக்கும் வேண்டாத அந்த முகம் அவளுக்குத்தான் வந்திருந்தது. கிழிந்த வாயை மீன்பிடி நரம்பால் தைத்திருந்தாள். மேயர் இப்போது சிரிக்கவில்லை. எதையோ அடக்கிக்கொண்டிருப்பவர்போல இருந்தார்.

"முன்னாடியே சேதி வந்திடுச்சு," என்றாள், அவர் வாயைத் திறப்பதற்குள். "அட்டை நல்லாருக்கு. திருப்பி மாட்டியிருக்க பாரு."

தோரிங் அட்டையைத் திருப்பிக்கொண்டார்.

"முப்பது நாள் டைம் இருக்கு, மனாங். நான் மேயர்கிட்ட திரும்பப் பேசறேன்."

"பேசு, பேசு." ஒரு கை நெத்திலியைத் தூவினாள். "ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன்டா. நீ அந்தப் பேனர்ல போட்டியே, அது எந்த ஊரு குடா?"

"தெரியல. ஏதோ வெளிநாடு."

"அவ்ளோ பெரிய தண்ணி. மீன் இல்லாமலா இருக்கும்? அங்க மீன் காயப்போடற ஜனங்களே கெடையாதா?"

காற்று கருவாட்டு வாசத்தைக் கொண்டுவந்தது. அவருடைய பட்டத்தின் வாசம்.

"இருந்தாங்க, மனாங்."

"எங்க? நான் ரெண்டு நாளும் பாத்தேனே."

"இடது ஓரத்துல. மூங்கில் பந்தல் போட்டு, நாலஞ்சு பொம்பளைங்க. ஒருத்தி குனிஞ்சு பொறட்டிக்கிட்டு இருந்தா."

"அப்புறம்?"

"மேயர் மூஞ்சிக்கு எடம் வேணும்னு நான்தான் வெட்டினேன்."

லூமிங் அவரைத் திட்டவில்லை. அழவும் இல்லை. கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு அவரிடமிருந்து ஆணையையும் பேனாவையும் வாங்கினாள்.

"அப்ப ஒனக்குக் கை பழகியிருக்கு. எங்க கையெழுத்துப் போடணும், காட்டு."

அறிக்கையின் இரண்டாம் பதிப்பு இப்போது வந்திருக்கிறது. குடாவின் வாய் அதே பதினெட்டு கிலோமீட்டர். மணல் அதே மூன்று கிலோமீட்டர், அதில் ஒரு காலடிகூட இல்லை. கம்பி வேலியும் டிக்கெட் கொடுக்கும் சின்னக் கூண்டும் உண்டு. வடக்குச் சேற்றில் லூமிங் ஊன்றிய மூங்கில்கள் இரண்டே மழையில் சாய்ந்துவிட்டதை அறிக்கை சொல்லவில்லை. அது படத்தில் இல்லை. மற்றபடி எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சலிங்காய் விரிகுடா அங்கீகரிக்கப்பட்ட படத்தோடு ஒத்துப்போகிறது என்று அலுவலர் சான்று அளித்திருக்கிறார். நான் முதலில் சொன்னதில் மாற்றமில்லை. உலகத்தின் விரிகுடாக்களையெல்லாம் கடல் குடைந்தது. இதை மட்டும் ஒரு தம்பி குடைந்தான்.